வேன் அக்காவும் கோப்பியின் அரிப்பும்

எங்கள் செம்பனைத் தோட்டத்தில் எல்லாரும் அவரை வேன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் அவருடையது. சொந்தப் பெயர் அழகாக ஒன்று இருந்தது. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பெயரை எழுதி அனுப்பினால், இது யார் என்று தபால்காரர் அக்காவிடமே வந்து விசாரிப்பார்.

நான் சிரம்பான் பட்டணத்து லோபாக்கில் பிறந்து வளர்ந்தவள். போர்டிக்சன் போகும் வழியில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியையாகப் போனபோது, அக்காவின் பக்கத்து வீடு வாடகைக்குக் கிடைத்தது. போன முதல் வாரமே என் கார் கிளம்ப மறுத்துவிட்டது. அக்கம்பக்கத்து ஆண்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் பேட்டரி முனையைச் சுரண்டினார். ஒருவர் பியூசைக் கழற்றினார். இன்னொருவர் காருக்கு அடியிலேயே படுத்துவிட்டார். அப்போதுதான் பக்கத்து வாசலில் இருந்து அந்தக் குரல் கேட்டது.

“கொஞ்சம் நிறுத்துங்க லா. எல்லாரும் ஒரே நேரத்துல கை வெச்சா, எதனால ஓடுச்சுன்னு டீச்சருக்கு எப்படித் தெரியும்? அடுத்த வாட்டி நின்னா உங்க எல்லாரையும் மறுபடியும் கூப்பிடணுமா?”

ஆண்கள் விலகி நின்றார்கள். ஒருவர் மட்டும் தன் வேலையைச் செய்தார். நான் சாவியைத் திருப்பினேன். ஓடவில்லை. அடுத்தவர் பியூசை மாற்றினார். கார் ஓடியது. நான் நன்றி சொல்லிக் கிளம்பப் பார்த்தேன். அக்கா விடவில்லை. பழைய பியூசைத் திரும்பப் போடச் சொன்னார். கார் நின்றது. புதியதைப் போடச் சொன்னார். கார் ஓடியது.

“இப்ப போங்க டீச்சர். பியூஸ்தான்.”

அன்று நான் பள்ளிக்குத் தாமதம். ஆனால் ஆள் யார் என்று ஒரே காலையில் தெரிந்துவிட்டது.

அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அகலமான தோள், ஆண்கள் அணியும் பெரிய கைக்கடிகாரம், வேனுக்குள் எப்போதும் பழைய பாட்டு. எதையும் அவர் சட்டென்று நம்ப மாட்டார். அதே சமயம் எதையும் சட்டென்று தள்ளவும் மாட்டார். “இருக்கலாம். ஒண்ணு ஒண்ணா பாப்போம்” என்பார். அந்த “இருக்கலாம்” பலருக்கு எரிச்சல் ஊட்டும். தன் பேச்சுக்கு ஆமாம் என்ற பதிலை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு அது போதாது.

அவர் வேனில் ஒரு பையன் தினமும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். வயிறு பலவீனம் என்றார்கள். வேன் ஆட்டம் என்றார்கள். அக்கா ஒரு வாரம் அவனையும் பக்கத்தில் உட்காரும் பையனையும் முன்னிருக்கையில் உட்கார வைத்தார். அடுத்த வாரம் காலையில் பால் குடிக்காமல் வரச் சொன்னார். அதற்கடுத்த வாரம் அவன் பக்கத்தில் உட்காரும் பையனை மட்டும் மாற்றினார். வாந்தி நின்றது. பக்கத்துப் பையனின் தலையில் அவன் அம்மா அப்பிவிடும் எண்ணெயின் வாசனைதான் காரணம். இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்ததோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

அக்காவின் கணவர், எங்களுக்கெல்லாம் அண்ணன், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அதிகம் பேச மாட்டார். வீட்டுச் சமையல் பற்றி ஒருமுறை கேட்டபோது, “ஒரு வாரம் புளி மட்டும் மாறும் டீச்சர். மறு வாரம் மிளகாய் மட்டும் மாறும். என்னைய மட்டும் இன்னும் மாத்திப் பாக்கல. அதுவே பெருசு” என்றார். அக்கா உள்ளேயிருந்து, “இருக்கலாம்” என்றார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் கோப்பி வந்து சேர்ந்தது.

ஒரு பள்ளி விடுமுறையில் அக்கா பிள்ளைகளைப் போர்டிக்சன் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு மலாய்க்காரப் பெரியவர் குட்டைக் குதிரை ஒன்றில் பிள்ளைகளை ஏற்றி, மணலில் நடத்திக்கொண்டு போவார். முட்டிவலி முற்றிப்போனதால் தொழிலை விட்டுவிட்டுப் பகாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகப்போவதாக அவர் சொன்னார். குதிரையை யாரிடம் விடுவது என்றுதான் கவலை என்றார். அக்கா குதிரையைப் பார்த்தார். குதிரை அக்காவின் பையை முகர்ந்து, உள்ளே இருந்த வாழைப்பழத்தைத் தோலோடு தின்றது. அடுத்த வாரமே லோரியில் வந்து எங்கள் தோட்டத்தில் இறங்கியது.

என் நெஞ்சு உயரம்தான் இருக்கும். பால் விடாத காப்பியின் நிறம். அதனால் பிள்ளைகள் அதற்குக் கோப்பி என்று பெயர் வைத்தார்கள். அண்ணன் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, “வேனுக்கும் லோரிக்கும் டயர் மாத்தத் தெரியும். இதுக்கு எங்க கொண்டு போறது?” என்றார். அன்று மாலையே வீட்டுக்குப் பின்னால், சாக்கடை ஓரமாக, தகரம் போட்டு ஒரு கொட்டகை கட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பள்ளித் திடல் நிறைந்துவிடும். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, கோப்பி ஒவ்வொரு பிள்ளையையும் சுமந்து திடலை ஒரு சுற்று வரும். வாய் திறந்து பேசாத பிள்ளைகள்கூடக் குதிரை மேல் உட்கார்ந்தால் பேசுவார்கள். என் வகுப்பில் ஒரு பையன் தமிழில் முழு வாக்கியமாக எழுதிய முதல் கட்டுரை கோப்பியைப் பற்றியதுதான்.

சில மாதங்கள் கழித்து அரிப்பு தொடங்கியது. முதலில் கோப்பி கொட்டகைத் தூணில் பின்பக்கத்தை உரசிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு கழுத்தை வேலிக் கம்பத்தில் தேய்த்தது. பிடரி மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வாலின் அடிப்பகுதி தேய்ந்துபோன தென்னந்துடைப்பம் போல ஆனது. உரசி உரசித் தோல் புண்ணாகிப் பொருக்குத் தட்டியது. இருட்டத் தொடங்கும் நேரத்தில் தகரம் அதிர அது உரசும் சத்தம் என் வீட்டுச் சமையலறை வரை கேட்கும்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தவிடு உடம்புக்குச் சூடு, நிறுத்துங்கள் என்றார்கள். வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள் என்றார்கள். கண் பட்டுவிட்டது, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுங்கள் என்றார்கள். ஒரு பழைய மண்டோர், ஒரு காலத்தில் ரப்பர் மரம் சீவுகிறவர்களை மேய்த்தவர், மண்ணெண்ணெய் தடவினால் மூன்றே நாளில் சரியாகும் என்றார்.

“எல்லாத்தையும் பாக்கலாம். மண்ணெண்ணெய் மட்டும் மொதல்ல உங்க தலையில தேச்சுக் காட்டுங்க” என்றார் அக்கா.

தவிட்டை நிறுத்தினார். அரிப்பு குறையவில்லை. பழையபடி தவிடு கொடுத்துவிட்டுத்தான் வேப்பிலைக்குப் போனார். குளிப்பாட்டிய அன்று கோப்பி கொஞ்சம் அமைதியாக நின்றது, மறுநாள் மறுபடியும் தூண். எலுமிச்சம்பழத்தையும் அவர் விடவில்லை. வெள்ளிக்கிழமை குளித்து, சாமி கும்பிட்டு, முழு மனதோடு சுற்றிப் போட்டார்.

“கண்ணு பட்டதா இருந்தா இதுல போயிருக்கணும் டீச்சர். போகல. அப்ப அது இல்ல” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாம் ஆண்டில் படித்த ஒரு சிறுமியின் கையில் வட்ட வட்டமாகப் படர்தாமரை வந்தது. அவள், பள்ளியின் பெற்றோர்-ஆசிரியர் சங்கத் தலைவரின் மகள். தலைவர் முரட்டு ஆள் என்று சொல்ல முடியாது. போர்டிக்சனில் குத்தகை வேலை எடுத்துச் செய்கிறவர், ஒரே மகள், செல்லம். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலுக்கு வந்தார். நான் அப்போது துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“சண்டைக்கு வரலக்கா. எம்பிள்ளை கையப் பாருங்க. குதிரைக்கு முடி கொட்டுது, பிள்ளைக்குத் தோல்ல வருது. இதுக்கு மேல என்ன வேணும்?”

அக்கா குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். “நாயந்தான் தலைவரே. நீங்க சொல்ற மாதிரியும் இருக்கலாம்.”

“இருக்கலாம் இல்லக்கா. அதான்.”

“தெரியற வரைக்கும் ஒரு பிள்ளையும் கோப்பிகிட்ட போகாது. அது என் பொறுப்பு.”

“அது பத்தாது. பகாவுல ஒருத்தர் அத எடுத்துக்கிறேன்னு சொல்றாரு. கோயில் திருவிழாவுக்குள்ள அனுப்பிடுங்க. இல்லன்னா நாங்க வேற வேன் பாக்க வேண்டியதுதான். எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்க.”

அக்கா நிமிர்ந்தார். “திருவிழாவுக்கு முந்தி உங்களுக்குப் பதில் சொல்றேன்” என்றார்.

அந்த ஞாயிறு திடல் காலியாகக் கிடந்தது. திங்கட்கிழமை வேனில் பாதி இடம் காலி. அக்கா பாட்டை மட்டும் நிறுத்தவில்லை.

சிரம்பானில் இருந்து ஒரு கால்நடை மருத்துவரை வரவழைத்தார். இளைஞர், தமிழ்ப் பையன், பொறுமைசாலி. கோப்பியின் தோலைக் கத்தியால் மெல்லச் சுரண்டி எடுத்தார். வாலுக்கு அடியில் ஒட்டுத் தாளை ஒட்டி எடுத்துப் பார்த்தார். பிடரியைப் பிரித்துப் பேன் தேடினார். பூஞ்சை இருக்கிறதா என்று சோதிப்பதற்காகக் கொஞ்சம் முடியும் எடுத்துக்கொண்டார். அக்கா ஒவ்வொன்றுக்கும், “இது எதுக்கு டாக்டர்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவரும் சலிக்காமல் சொன்னார்.

“பேன் இல்லக்கா. சொறிப்பூச்சியும் இல்ல. வால் அரிப்புக்குக் குடல் புழுவும் காரணமா இருக்கும், அதுவும் காணோம். பிடரி, வால், அடிவயிறு, இந்த இடமாப் பாத்து அரிக்கிறதால எனக்கு ஆகாஸ் மேலதான் சந்தேகம்.”

ஆகாஸ் என்பது கொசுவைவிடப் பொடியான கடிபூச்சி. எங்கள் பக்கம் ஈரமான இடங்களில் பொழுது சாயும் நேரத்தில் வரும். சில குதிரைகளுக்கு அதன் கடி ஒத்துக்கொள்ளாது, கடித்த இடம் முழுக்க அரித்துக் கொல்லும் என்றார் மருத்துவர்.

“அப்ப கடற்கரையில ஏன் வரல?” என்று கேட்டார் அக்கா.

“நல்ல கேள்வி. அவருகிட்டயே கேளுங்க.”

அக்கா அங்கேயே பகாவுக்குப் போன் போட்டார். பெரியவர் மலாயில் நீளமாகப் பேசினார். அக்கா போனை மூடிவிட்டு எங்களிடம் சொன்னார்: “ஒரு நாளும் அரிக்கலயாம். கொட்டகை கடலப் பாத்தாப்புல இருந்துச்சாம். தொப்பி நிக்காத அளவுக்குக் காத்தாம்.”

மருத்துவர் சிரித்தார். “காத்துல ஆகாஸ் பறக்க முடியாதுக்கா. அதுக்கு அவ்வளவு பலம் கிடையாது.”

எல்லாரும் கொட்டகையைப் பார்த்தோம். பின்னால் சாக்கடை, பக்கத்தில் சாணக் குவியல், மூன்று பக்கமும் செம்பனை. ஓர் இலைகூட அசையவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு நம்பியிருப்பார்கள். அக்கா அன்று பொழுது சாயும்போது ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கோப்பியின் முதுகில் போட்டு, அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என்னையும் கூப்பிட்டார். சற்று நேரத்தில் வெள்ளைத் துணியில் மிளகுப்பொடி தூவியதுபோலப் புள்ளிகள் தெரிந்தன. பொடி நகர்ந்தது. எங்கள் கைகளிலும் சுருக்கென்றது. கோப்பி தூணைத் தேடிக் காலை மாற்றி மாற்றி வைத்தது.

“வந்துட்டானுங்க” என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. விருந்தாளியைப் பார்த்தவர் போல இருந்தார்.

மருத்துவர் உடம்பு முழுவதும் போர்த்தச் சொல்லியிருந்தார். அக்கா அவரைப் போனில் அழைத்து, “முன்பாதிய மட்டும் போர்த்துனா தப்பா டாக்டர்? ஊருக்குக் காட்டணும்” என்றார். மறுமுனையில் அவர் சிரித்தது எனக்கே கேட்டது.

“தப்பில்லக்கா, நல்ல சோதனைதான். ஆனா புண்ணுக்குக் குடுத்த மருந்த முன்ன பின்ன ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போடுங்க. இல்லன்னா மருந்தால ஆறுச்சா துணியால ஆறுச்சான்னு தெரியாது.”

போனை வைத்ததும் அக்கா என்னைப் பார்த்தார். “நம்ம ஆளு டீச்சர் இவரு.”

பூப்போட்ட வலைத்துணி ஒன்றை வாங்கி, தன் தையல் மெஷினில் காது முதல் முதுகின் பாதி வரை வரும்படி ஒரு சட்டை தைத்தார். பொழுது சாயும் முன் மாட்டுவார், காலை வெயில் ஏறியதும் கழற்றுவார். சட்டை போட்ட முதல் நாள் தோட்டமே வேலிப்பக்கம் வந்து நின்று சிரித்தது. முன்பக்கம் கல்யாணப்பெண், பின்பக்கம் அம்மணம். அண்ணன் ஒரு வார்த்தைதான் சொன்னார்: “பாதித் துணி பத்தலன்னா என் சாரோங் கைலி இருக்கு.”

அதற்குள் மருத்துவர் போன் செய்தார். கோப்பியின் முடியில் பூஞ்சை இல்லை. அக்கா இதைத் தலைவரிடம் சொன்னார். “காகிதத்துல என்ன வேணாலும் வரும்க்கா. பிள்ளைக்கு வந்திருக்கே, அது எங்கேருந்து வந்துச்சாம்?” என்றார் அவர்.

அக்காவுக்கு அந்தக் கேள்வி பிடித்துப் போனது. நியாயமான கேள்வி என்று என்னிடம் சொன்னார். அதை யாரும் அந்தப் பிள்ளையிடமே கேட்கவில்லை என்பதும் அவருக்குத் தோன்றியது. மறுநாள் மதியம், காரில் வந்து கூட்டிப் போகத் தலைவருக்கு நேரம் இல்லாததால், சிறுமி வேனுக்காகப் பள்ளி வாசலில் நின்றாள். நான் அவள் வகுப்பாசிரியை, பக்கத்தில் இருந்தேன். அக்கா அவள் உயரத்துக்கு உட்கார்ந்து கேட்டார்.

“கோப்பியத் தவிர வேற யாரையெல்லாம் தடவிக் குடுப்ப, கண்ணு?”

அவள் தன் காலணியைப் பார்த்தாள். “சொன்னா அப்பா அனுப்பிருவாரு.”

“யார?”

“குட்டிய.”

அவள் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டி. காதோரத்தில் இரண்டு இடத்தில் முடியில்லாமல் வட்டமாக வழித்தாற்போல இருந்தது. சிறுமியை இறக்கிவிட வந்த எங்களோடு தலைவரின் மனைவியும் அதைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தலைவரின் கார் வந்து நின்றது.

அவர் பூனையைப் பார்த்தார். மகளின் கையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். நானாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அக்கா சொன்னது இதுதான்: “இதுவாத்தான் இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன் தலைவரே. டாக்டர் பாக்கட்டும். மருந்து போட்டா சரியாகிற விசயம். யாரையும் எங்கயும் அனுப்ப வேண்டியதில்ல.”

சிறுமி அழ ஆரம்பித்தாள். தலைவர் மண்டியிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார். “குட்டி இருக்கட்டும்மா. அப்பா ஒண்ணும் சொல்லல” என்றார். மருத்துவர் பூனையைப் பார்த்து, அதற்கும் படர்தாமரைதான் என்று உறுதி செய்தார். பூனைக்கும் பிள்ளைக்கும் தனித்தனி மருந்து வந்தது.

திருவிழாவுக்கு முந்தின வாரம் அக்கா சொன்னபடி தலைவரை வரச் சொன்னார். அவரோடு இன்னும் நாலைந்து பெற்றோரும் வந்தார்கள். அக்கா சட்டையைக் கழற்றினார். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கழுத்தில் பொருக்கெல்லாம் உதிர்ந்து, பிடரி நெடுக இளம் மயிர் புல் முளைத்தாற்போல நின்றது. வாலின் அடியில் அதே புண், அதே சிவப்பு. ஒரே குதிரை, ஒரே தீனி, ஒரே மருந்து.

தலைவர் முன்னால் வந்து கழுத்தில் கையை வைத்துத் தடவினார். பின்னால் போய் வாலைப் பார்த்தார். பழைய மண்டோரும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“பாவம்க்கா பின்பக்கம்” என்றார் தலைவர். “எங்க வீட்டு ஜன்னலுக்கு வாங்கின வலைத்துணி மிச்சம் இருக்கு. இப்பவே கொண்டு வரவா?”

“கொண்டு வாங்க. இனி காத்திருக்கக் கூடாது” என்றார் அக்கா.

அன்று மாலை அந்த மனிதர்களே கொட்டகையைப் பிரித்து, சாக்கடை ஓரத்தில் இருந்து திடலை அடுத்த மேட்டுக்குக் கொண்டு போனார்கள். அங்கே காற்று இருந்தது. அண்ணன் ஒரு பழைய மின்விசிறியை மாட்டிவிட்டார். கோப்பிக்கு முன்னால் பூவும் பின்னால் கோடும் போட்ட முழுச்சட்டை கிடைத்தது. வேனில் காலியாகிப் போன இடங்களும் ஒவ்வொன்றாக நிறைந்தன.

திருவிழா முடிந்தும் அக்கா சவாரியைத் தொடங்கவில்லை. பிள்ளைகள் கேட்டுக் கேட்டு அலுத்தார்கள். வால் முழுவதும் ஆறி, அவர் விரலால் நீவிப் பார்த்துத் திருப்தியான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோப்பியைத் திடலுக்கு அழைத்து வந்தார். மயிர் இன்னும் குட்டைதான். நேராக நிமிர்ந்து, புதிதாக முடி வெட்டிய பள்ளிப் பையன் போல இருந்தது. தலைவரின் மகள்தான் முதலில் ஏறினாள். கை சுத்தமாக ஆறியிருந்தது. கயிற்றைப் பிடிக்கும் வேலையைத் தலைவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் குதிரையை நடத்தினாரா, குதிரை அவரை நடத்தியதா என்று சொல்வது கஷ்டம். திடலே சிரித்தது.

அக்காவைக் காணவில்லை. அழுகிறாரோ என்று நினைத்து வேனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலை ஆட்டியபடி உட்கார்ந்து, மடியில் ஒரு பெரிய பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார். வாய் நிறைய, கறி அடைத்துப் பொரித்த கறிபாப். கன்னம் உப்பியிருந்தது.

“வாங்க டீச்சர், பசியாறுங்க” என்றார். விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார். “தலைவரு பிள்ளை கையப் புடிச்சிட்டு வந்து நின்னாருல்ல, அன்னிக்கு போனது நாக்கு ருசி. எத வாயில வெச்சாலும் மண்ணாட்டம் இருந்துச்சு. சமைச்சேன், ருசி பாத்தேன், ஒண்ணும் தெரியல. எங்க வீட்டுக்காரரு பாவம், அதையும் பேசாம சாப்பிட்டாரு.”

இத்தனை நாளும் பக்கத்து வீட்டில் இருந்தவள் நான். எனக்கு இது தெரியாது.

அவர் இன்னொரு கறிபாப்பை எடுத்துக் கடித்து, கண்ணை மூடி மென்றார். “காரம் நல்லா இருக்கு” என்றார்.